செம்மண்ணா, துருவா?

தோட்டத்து எஞ்சின் ஒன்றை 87-இல் ஒரு பங்காகச் செய்து முடித்து, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். செந்தூல் ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “வேல நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓடுற எஞ்சின் இப்படியா துருப்பிடிக்கும்? கடல்ல கெடந்த மாதிரில இருக்கு!”

உடம்பு முழுக்க ஆரஞ்சு வண்ணம் பூசியிருந்தேன். அங்கேதான் தவறு.

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால்தான் துரு. ஓடும் எஞ்சினில் பெரும்பகுதி வண்ணத்தாலும் எண்ணெயாலும் மூடியிருக்கும். கொதிகலனின் சூட்டில் ஈரம் தங்காது. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசி உரசிப் பளபளக்கும். ஆகவே துரு தொடங்குவது வண்ணம் உரிந்து நீர் தேங்கும் இடங்களில்தான்: ஆணித் தலைகள், தகடுகளின் இணைப்பு, ஏறும் படியின் ஓரம். புதுத் துரு ஆரஞ்சு, பழசு கரும்பழுப்பு. கிள்ளான் துறைமுகப் பக்கம் இது வேகமாகப் பரவும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; அந்த உப்புநீர் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. செம்மண்ணின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். தூசு சக்கரப் பக்கமும் தட்டையான பரப்புகளிலும் மெல்லப் படியும். துரு வெடிப்பிலிருந்து கீழ்நோக்கி ஒழுகும்.

கிள்ளான் செம்மண்ணையே அள்ளிவந்து தூவினால் என்ன என்று ஆசைப்பட்டேன். கணக்குப் போட்டதும் விட்டுவிட்டேன். 0.1 மி.மீ. மண்துகள் மாதிரியில் 8.7 மி.மீ. கல்லாகத் தெரியும். சாக்பீஸ் போன்ற மென்மையான பாஸ்டல் தூள்தான் சரி. தூரிகையால் 1 மி.மீ. புள்ளி வைத்தால், அது நிஜத்தில் 8.7 செ.மீ. ஓட்டை.

எடைக் கணக்கு இன்னும் வேடிக்கை. நீளம் 87-இல் ஒரு பங்கானால், கன அளவு 6,58,503-இல் ஒரு பங்காகும். 10 டன் எஞ்சின் 15 கிராம்தான் வரும். இவ்வளவு இலேசாக இருந்தால் சக்கரம் வழுக்கும். உள்ளே ஈயம் வைக்க வேண்டும். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போட்ட ஒரு மீட்டர் அகலப் பாதைக்கு, இந்த அளவில் 12 மி.மீ. தண்டவாளம் கடையில் கிடைக்கிறது. தோட்டத்தின் இரண்டடிப் பாதைக்கோ 7 மி.மீ. தேவை; 6.5 மி.மீ. தண்டவாளத்தை வைத்துத்தான் ஒப்பேற்றினேன்.

இரண்டாம் முறை, முதலில் பழுப்பு பூசி, அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே, அதற்கும் மேலே பச்சை. ஸ்பிரே நீரில் கரையும் என்பதால், ஈரத் தூரிகையால் தேய்த்த இடத்தில் மட்டும் பச்சை உரிந்து பழுப்பு தெரிந்தது. பிறகு நீர்த்த கரும்பழுப்பைத் தடவினேன். நுண்துளை ஈர்ப்பினால் அது தானாகவே ஆணிகளைச் சுற்றி ஓடி நின்றது. எண்ணெய்க் கறைக்குப் பளபளக்கும் வார்னிஷ். எண்ணெய் பரப்பின் நுண்ணிய குழிகளை நிரப்புவதால் ஒளி சிதறாது. அந்த இடம் கறுத்து மினுங்கும்.

மறுபடியும் பெரியப்பாவிடம் போனேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சக்கரத்தைத் தொட்டுக் காட்டி, “இங்க இன்னுங் கொஞ்சம் எண்ண போடுப்பா” என்றார்.