பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

பழ மண்டியில் நாற்பது ஆண்டு தராசு பிடித்தவர்கள் நாம். காயைப் பார்த்தவுடன் குறை எங்கே என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் நமக்கு உண்டு. அந்த எண்ணம் ஒருமுறை நம்மைத் தலைகுனிய வைத்தது.

பல ஆண்டுகளுக்கு முன் உத்தரப் பிரதேசம் மலிஹாபாத் பக்கத்திலிருந்து ஒரு லோடு தசேரி மாங்காய் வரவழைத்தோம். பெட்டியைப் பிரித்தால் பல காய்களில் நுனி மட்டும் கருத்துக் கிடந்தது. காம்புப் பக்கம் நன்றாக இருந்தது. வழியில் வெந்துவிட்டது என்று லாரிக்காரர் வாடகையில் பிடித்தோம். அழுகலைக் கலந்துவிட்டார் என்று தோப்புக்காரர் கணக்கிலும் கழித்தோம். மறு ஆண்டு நேரில் போனபோதுதான் உண்மை விளங்கியது. தோப்பை அடுத்துச் செங்கல் சூளை புகைந்துகொண்டிருந்தது.

இது 'கருநுனி' நோய். கிருமியால் வருவதல்ல, புகையால் வருவது. 1909-ஆம் ஆண்டிலேயே பதிவான நோய். சூளையில் நிலக்கரி எரியும்போது கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் முதலிய வாயுக்கள் வெளியேறுகின்றன. வடக்கே சூளைகள் மும்முரமாக எரிவது மழைக்கு முந்தைய மாதங்களில். மா பூத்துக் காய்ப்பதும் அப்போதுதான். பிஞ்சின் நுனி முதலில் வெளிறும், பிறகு பழுப்பாகும், கடைசியில் கருகிக் கெட்டியாகும். காய் வளர்ச்சி நின்று அகாலத்தில் பழுக்கும், அல்லது உதிரும். தசேரி இதற்கு எளிதில் ஆட்படும் ரகம்.

மாவோடு இந்தக் கேடு நிற்பதில்லை. கந்தக வாயு எந்தப் பயிரின் இலைத் துளை வழியாகவும் உட்புகுந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, இலையைத் தீய்க்கும்.

பரிகாரம் உண்டு. லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம் வெண்காரம் கலந்து, பூக்குமுன், பூக்கும்போது, பிஞ்சு பிடித்ததும் தெளிக்கிறார்கள். ஆனால் முதல் மருந்து தூரம்தான். சூளை பழத்தோட்டத்திலிருந்து குறைந்தது 800 மீட்டர் தள்ளி அமைய வேண்டும் என்று மத்திய அரசு 2022-இல் விதி செய்தது. புகையைக் குறைக்கும் ஜிக்ஜாக் போன்ற முறைகளுக்குச் சூளைகள் மாற வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. செங்கல் வியாபாரிகளும் நம்மவர்களே. அவர்கள் தொழிலை நாம் குறை சொல்லவில்லை. விதிப்படி நடக்கும் சூளையில் கல் எடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தோப்புக்காரருக்குப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். லாரிக்காரரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கடன் இன்னும் நம் மனத்தை உறுத்துகிறது. ஆகவே வணிக நண்பர்களே, சரக்கில் குறை கண்டால் கழிவு எழுதுமுன் அது எங்கிருந்து வந்த குறை என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.