அழைப்புக்குக் காத்திராத உதவி: கொரோனா காலத்தில் கேரளத்தின் மனநலப் பணி

‘ஒற்றய்க்கல்ல ஒப்பமுண்டு’ என்ற மனநல ஆதரவுத் திட்டத்தைக் கேரள அரசு 2020 பிப்ரவரித் தொடக்கத்தில் தொடங்கியது. ‘தனியாக இல்லை, உடன் இருக்கிறோம்’ என்பது அதன் பொருள். வூஹானிலிருந்து திருச்சூர் திரும்பிய மருத்துவ மாணவிக்கு, நாட்டின் முதல் கொரோனா தொற்று ஜனவரி 30 அன்று உறுதியாகியிருந்தது. நாடு தழுவிய ஊரடங்கு வர அப்போது இன்னும் ஏழு வாரங்கள் இருந்தன.

வழக்கமான உதவி எண், யாராவது அழைத்தால்தான் வேலை செய்யும். கேரளத்தில் அது தலைகீழானது. வீட்டுத் தனிமையில் வைக்கப்பட்டவர்களின் பட்டியல் சுகாதாரத் துறையிடம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட மனநலக் குழுவினரே அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மனம் சோர்ந்து கிடப்பவர் தானாக எழுந்து ஓர் எண்ணைத் தேடிப் பிடிப்பது அரிது என்பதால், இந்த மாற்றம்தான் திட்டத்தின் உயிர். தூக்கம் வராதது, அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவைப்பது, சம்பளம் நின்றுபோனது என்று சாதாரணக் கவலைகளாகத் தொடங்கும் பேச்சில்தான் சிகிச்சை தேவைப்படுபவர் யார் என்று தெரியவரும். ஆலோசகர் முதலில் பேசுவார். தேவைப்பட்டால் உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ இணைப்பார். ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்தவர்கள், தனியே வாழும் முதியோர், மாற்றுத்திறன் குழந்தைகள், வெளிமாநிலத் தொழிலாளர்கள், சுகாதாரப் பணியாளர்கள் என வட்டம் பின்னர் விரிந்தது.

இவ்வளவு விரைவாகச் செயல்பட முடிந்ததற்குக் காரணம், ஆட்கள் ஏற்கெனவே இருந்ததுதான். தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது. அதன் மாவட்டப் பிரிவு 1996-இல் வந்தது. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் அதன் குழுக்கள் இயங்கிவந்தன. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோதும், அதே ஆண்டு ஆகஸ்ட் வெள்ளத்தின்போதும் பதறிப்போன மக்களோடு பேசிய அனுபவமும் மாநிலத்துக்கு இருந்தது.

ஆனால் மதுப் பிரச்சினையில் கேரளம் தடுமாறியது. மார்ச் இறுதியில் மதுக்கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டன. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். இது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை, ஒழுக்கக் குறைபாடு அல்ல. அடுத்த சில நாள்களில், மது கிடைக்காததோடு தொடர்புபடுத்தப்பட்ட தற்கொலைச் செய்திகள் வந்தன. மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று மார்ச் 30 அன்று அரசு உத்தரவிட்டது. மருந்தாக மதுவை எழுதித்தர முடியாது என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. மருத்துவர்களின் நிலைப்பாடே சரி. ஆயினும் கடைகளை மூடும் முன்பே, எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை, யாரிடம் போவது என்று குடும்பங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தைகளின் துயரமும் தாமதமாகவே கண்ணில் பட்டது. மார்ச் 25-க்குப் பிறகு 18 வயதுக்குட்பட்ட 66 பேர் தற்கொலை செய்துகொண்டதாக முதல்வர் பினராயி விஜயன் ஜூலையில் தெரிவித்தார். அதை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. குழந்தைகளுக்காகக் காவல் துறை ‘சிரி’ என்ற தொலைபேசி ஆலோசனையைத் தொடங்கியது.

மத்திய அரசின் பணி பெரும்பாலும் உதவி எண்களாகவே அமைந்தது. பெங்களூரில் உள்ள மத்திய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2020 மார்ச்சில் ஒன்றைத் தொடங்கியது. ஜூலையில் மாணவர்களுக்கான ‘மனோதர்ப்பண்’, செப்டம்பரில் 13 மொழிகளில் ‘கிரண்’ என அடுத்தடுத்து வந்தன. மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களும் பெரிய உதவி. நேரில் வர முடியாதவரைத் தொலைபேசியிலோ காணொளியிலோ பார்த்து மருந்து எழுத அவை தெளிவான வழி காட்டின.

நிதிதான் போதவில்லை. 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி நாட்டில் வயதுவந்தோரில் 10.6% பேருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கிட்டவில்லை. அப்படியிருந்தும் பெருந்தொற்றின் நடுவே, 2020–21, 2021–22 இரு ஆண்டுகளிலும் மத்திய பட்ஜெட்டில் தேசிய மனநலத் திட்டம் என்ற தலைப்பில் ஒதுக்கப்பட்டது தலா ரூ.40 கோடி மட்டுமே.

2022–23 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ‘டெலி-மானஸ்’ என்ற தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. எண் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்கும். தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் செயல்படுகிறது. முதலில் ஆலோசகர் பேசுவார். அவரால் தீர்க்க முடியாததை மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலக் குழுவிடமோ அனுப்புவார். கேரளம் 2020-இல் செய்தது போன்ற இந்தப் படிநிலை இப்போது நாடு முழுவதற்கும் கிடைத்திருக்கிறது. எனினும் இங்கே முதல் அழைப்பை உதவி தேவைப்படுபவரோ அவர் வீட்டாரோதான் செய்ய வேண்டும்.