மேடையில் மரக்கிதார்

மும்பையிலிருந்து மத்திய ரயில்வேயின் வழியே கல்யாணைக் கடந்து செல்பவர்கள் அம்பர்நாத் என்னும் ஊரை அறிவார்கள். 1060-ஆம் ஆண்டின் கல்வெட்டைத் தாங்கிய சிவாலயத்தால் பழமையும், தொழிற்சாலைகளால் புதுமையும் பெற்ற ஊர் அது. அங்கும், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதலிய இடங்களிலும் தமிழர்கள் பொங்கலென்றும் நவராத்திரியென்றும் கூடும் மேடைகளில், மிருதங்கத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் அருகே கிதார் ஏந்திய இளைஞர் ஒருவரையும் இப்பொழுது காண்கிறோம். வீட்டுக் கூடத்தில் இனிமையாக ஒலித்த அவருடைய கருவி, பந்தலில் ஏறியதும் தகரத்தைச் சுண்டுவதுபோல ஒலிக்கிறது. இல்லையேல் திடீரென்று ஊளையிடுகிறது. பாட வந்த குழந்தை அடியெடுத்த இடத்திலேயே திகைத்து நின்றுவிடுகிறது. இந்நிலைக்கு மருந்தென்று கடைக்காரர் எடுத்துக் காட்டுவது, மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் என்று வழங்கும், காலால் இயக்கும் மின்பெட்டியாகும். குடும்பத்தினர் சேர்த்து வைத்த பணத்தில் வாங்கப்படும் பொருளாதலின், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம்.

பெட்டியைப் பற்றிப் பேசுமுன் கருவியைப் பற்றிப் பேச வேண்டும். மின்சாரத்தின் உதவியின்றியே ஒலிக்கும் கிதாரை இங்கு மரக்கிதார் என்று குறிப்போம். தந்தியின் அதிர்வு குதிரையின் வழியே மேற்பலகைக்குச் செல்கிறது. பலகையும் உள்ளேயுள்ள காற்றும் சேர்ந்து அதிர்ந்து, அவ்வொலியை அறைக்கு அனுப்புகின்றன. நாம் கிதாரின் குரல் என்று கொண்டாடுவது பெரும்பாலும் மரமும் காற்றும் தந்த குரலே. ஆனால் மேடைக் கிதார்களில் பெரும்பாலானவற்றில், குதிரையின் மேலுள்ள எலும்புப் பட்டைக்குக் கீழே அழுத்த மின்படிகம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் மின்சாரம் தோற்றுவிக்கும் இப்படிகங்களின் இயல்பை 1880-இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள் கண்டறிந்தனர். படிகம் தந்தியின் அழுத்தத்தை நன்றாக அறிகிறது. ஆனால் பலகையும் காற்றும் அறைக்குள் செய்யும் வேலையை அது கேட்பதேயில்லை. தகர ஒலியின் காரணம் இதுதான். ஆகவே பெட்டியின் முதற்கடமை, இழந்ததை மீட்டுத் தருவது. புதுமைகளைச் சேர்ப்பது அதற்குப் பிற்பட்ட வேலை. இந்த வரிசையை மாற்றிக்கொள்வதால்தான் நல்ல வாசிப்பும் மேடையில் கெடுகிறது என்பது நம் கருத்து.

மீட்பு வேலை, கருவியைச் செருகும் துளையிலேயே தொடங்குகிறது. படிகம் மிக மெலிந்த மின்னோட்டத்தையே தரவல்லது. அதை ஒலிபெருக்கி அமைப்பின் சாதாரண உள்வாயிலில் நேரே செருகினால், அவ்வாயிலின் மின்மறுப்புச் சில ஆயிரம் ஓம் அளவே இருப்பதால், கீழ்ஸ்தாயி ஒலிகள் வடிந்துபோய்க் கீச்சென்ற ஒலியே எஞ்சும். குறைந்தது 10 லட்சம் ஓம், முடிந்தால் 1 கோடி ஓம் அளவுள்ள உள்வாயில் வேண்டும். மரக்கிதாருக்கென்றே செய்த பெட்டிகளில் இவ்வசதி உண்டு. கிதாரின் பக்கப்பலகையில் பாட்டரியுடன் கூடிய முன்பெருக்கி ஏற்கெனவே இருக்குமானால் இக்கவலை தேவையில்லை.

அடுத்தது ஈக்வலைஸர் எனப்படும் ஒலிச்சமன் செய்யும் பகுதி. கிதாரின் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. அதற்குக் கீழ்ப்பட்டவை மேடைப் பலகையின் உதைப்பும் கையின் உராய்வுமே. அவற்றை வெட்டிவிடலாம். 1,000-க்கும் 3,000-க்கும் இடைப்பட்ட பகுதியில் படிகத்தின் கரகரப்பு மிகுதியாக இருக்கும். அங்கே சிறிது குறைத்தால் மரத்தின் சாயல் மீளத் தொடங்கும். கூட்டுவதைவிடக் குறைப்பதே இங்குப் பயன் தருவது. சில பெட்டிகளில் இன்னொரு வசதியும் உண்டு. நல்ல கிதார் ஒன்றின் முன்னே ஒலிவாங்கியை வைத்துப் பதிந்த ஒலியையும் படிகத்தின் ஒலியையும் ஒப்பிட்டு, இரண்டுக்குமுள்ள வேற்றுமையைக் கணக்கிட்டு, அக்கணக்கை நம் வாசிப்பின்மேல் ஏற்றுகிறார்கள். மரத்தின் நிழலை மின்சாரத்தில் விழச் செய்வது போன்றது இது. முழுவதும் ஏற்றாமல் பாதியளவு கலப்பதே இயற்கையாக இருக்கும்.

மின்கிதாருக்கென்று செய்த பெட்டியை நண்பரிடம் இரவல் வாங்கி வருவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அதில் பெருக்கிகளையும் ஒலிபெருக்கிப் பேழைகளையும் போன்மை செய்யும் பகுதி இருக்கும். மின்கிதாரின் பேழை, ஏறக்குறைய 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரும்பாலும் அடக்கிவிடுவது. மரக்கிதாரின் பளபளப்போ அங்கேதான் இருக்கிறது. அப்பகுதியை முதலில் அணைத்துவிட வேண்டும்.

இனி ஊளைக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஃபீட்பேக் என்று வழங்குவதைப் பின்னூட்டம் என்று மொழிபெயர்க்கிறோம். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாமும் அலுவலகத்தில் அவ்வாறே எழுதுவோம். ஆயினும் மேடையில் நிற்பவர் ஊளை என்றுதான் சொல்வார். அதுவே பொருளை நன்கு உணர்த்துகிறது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி கிதாரின் மேற்பலகையை ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தைப் படிகம் மின்சாரமாக்கி மீண்டும் ஒலிபெருக்கிக்கே அனுப்புகிறது. சுற்று ஒவ்வொன்றிலும் ஒலி வளர்ந்து, கண நேரத்தில் அரங்கையே நிறைத்துவிடுகிறது. எல்லா ஸ்வரங்களிலும் இது நேர்வதில்லை. பெரிய வயிறுடைய கிதார்களில் உள்ளே அடைபட்ட காற்று வினாடிக்கு ஏறக்குறைய 100 அதிர்வுகளிலும், மேற்பலகை ஏறக்குறைய 200 அதிர்வுகளிலும் தானே அதிர விரும்புகின்றன. ஊளை பிறப்பது பெரும்பாலும் இவ்விரண்டின் அருகில்தான். எனவே மொத்த ஒலியையும் குறைத்துக் கிதாரைக் காணாமற் செய்வது தேவையற்றது. நாட்ச் என்னும் வடிகட்டியால் அந்த ஓர் அதிர்வை மட்டும் கத்தியால் கீறுவதுபோல நீக்கிவிடலாம். நிகழ்ச்சிக்கு முன்னரே ஒலியை மெல்ல ஏற்றி, எந்த ஸ்வரத்தில் முனகல் தொடங்குகிறதென்று கண்டு, அங்கே வடிகட்டியை வைப்பது முறை. ஒலித்துளையை மூடும் ரப்பர் மூடியும் காற்றின் ஆட்டத்தை அடக்கும்; விலையும் சொற்பம். பெட்டியில் ஃபேஸ் என்ற விசையிருந்தால் அதைத் திருப்பிப் பார்க்கலாம். சில வேளைகளில் அதுவே ஊளையை நிறுத்திவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்தை நோக்கி வைத்த ஒலிபெருக்கிக்கு எதிரே கிதாரின் வயிற்றைக் காட்டி நிற்கலாகாது. ஓர் அடி விலகி நின்றால் வடிகட்டிக்கு வேலை குறையும்.

கம்ப்ரெஸர் என்னும் பகுதி ஊளைக்கு இரகசிய உறவினர். உரத்த ஒலியை அடக்கி மெல்லிய ஒலியை உயர்த்துவது அதன் தொழில். மெல்லிய ஒலி உயரும்போது, அடங்கிக் கிடந்த ஊளையும் உடன் உயரும். எனினும் நம் இசையை வாசிப்போர்க்கு அதனால் ஒரு தனிப்பயன் உண்டு. சுண்டிய தந்தியின் ஒலி விரைவில் தேய்ந்துவிடுகிறது. நீண்ட கமகமோ தேய்வதற்குமுன் முடிவதில்லை. உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மாண்டலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தபோது, மின்மாண்டலினைத் தேர்ந்துகொண்டு, இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளை அமைத்துக்கொண்டார். தந்தியை இழுத்து அசைப்பதற்கும் ஒலி நீடிப்பதற்கும் அவ்வமைப்பு இடந்தந்தது. 1975-ஆம் ஆண்டளவில் சக்தி என்னும் குழுவில் ஜாகிர் உசேன், எல். சங்கர், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு வாசித்த ஜான் மெக்லாஃப்லின், மெட்டுகளுக்கிடையே விரற்பலகை குடையப்பட்டதும், குறுக்கே அனுதந்திகள் கட்டப்பட்டதுமான மரக்கிதார் ஒன்றைக் கையாண்டார். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் மும்பையில் அக்குழுவின் மறுபிறப்பு வாசித்தபோது, ஸ்ரீநிவாஸும், செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவனும் அம்மேடையில் இருந்தனர். இம்மேதைகள் முதலில் மாற்றியது கருவியின் தந்தியையும் மெட்டையும். இதைச் செம்பூர் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். கமகம் விரலில் இல்லாதபோது அதை எந்தப் பெட்டியும் தராது.

எதிரொலிகளுக்கு வருவோம். ரிவெர்ப் என்பது அரங்கின் எதிரொலியைப் போன்மை செய்வது. டிலே என்பது வாசித்ததைச் சற்றுக் கழித்துத் திரும்பச் சொல்வது. எவ்வளவு சேர்ப்பது என்பதை இடமே முடிவு செய்யும். மாட்டுங்காவின் ஷண்முகானந்த அரங்கம் 1963-இல் எழுந்து, 1990-இல் தீயால் அழிந்து, 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இரண்டாயிரத்தைத் தாண்டிய பேர் அமரும் அத்தகைய பேரரங்கில் இடமே எதிரொலியைத் தரும். பெட்டியும் சேர்ந்துகொண்டால் சொற்கள் குழம்பும். திறந்த மைதானத்துப் பந்தலிலோ ஒலி போன வழியே போய்விடுவதால் சிறிது ரிவெர்ப் கிதாருக்கு உடல் தரும். சிமெண்டுச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட சமூகக் கூடங்களில் அறவே வேண்டா. டிலேயைத் தாளத்தோடு பொருத்தக் கணக்கு எளியது: 60,000-ஐ நிமிடத்தின் அடிகளால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். நிமிடத்துக்கு 80 அடியானால் 750. மெல்லிசைப் பாடல்களுக்கு இது அழகு செய்யும். ராகத்தை வாசிக்கும்போது, முந்திய ஸ்வரத்தின் நிழல் அடுத்ததன்மேல் விழுந்து, நாம் எண்ணாத கூட்டொலிகளை உண்டாக்கும். ஆகவே ஆலாபனையில் டிலேயை அணைத்து வைப்பதே மேல்.

கோரஸ், ஃப்ளேஞ்சர் முதலியவை அலங்காரம். ஒரு பாட்டுக்கு ஒருமுறை போதும். லூப்பர் என்பது வாசித்த பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது. வீட்டில் தனித்துப் பயில்வோர்க்கு அரிய துணை. மேடையில் மிருதங்கக்காரர் அதனோடு இசைந்து செல்வாரா என்று முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் ஒரே பெட்டியில் அடங்கியிருப்பதன் அருமை, மாலை நேரத்து உள்ளூர் ரயிலில் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்பர்நாத்திலிருந்து மாட்டுங்காவுக்கு நின்றுகொண்டே செல்பவர்க்கு நன்கு விளங்கும். தனித்தனிப் பெடல்களும் பெருக்கியும் அக்கூட்டத்தில் ஏறா. பெட்டியின் வெளிவாயிலை மைக் செட்காரரின் கலவைப் பலகைக்கு நேரே கொடுத்துவிடலாம். சமநிலை வெளிவாயில் இருந்தால், கம்பி நீண்டாலும் இரைச்சல் சேராது. ஒலிவாங்கிகளுக்கென அப்பலகை அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்தைக் கிதாரின் வாயிலில் மட்டும் அணைக்கச் சொல்ல வேண்டும். எல்லாப் பெட்டிகளும் அதைத் தாங்கும்படி செய்யப்படுவதில்லை. பெட்டியோடு வந்த அடாப்டரைத் தவிர வேறொன்றைச் செருகலாகாது. 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், நேர்மின் முனையும் எதிர்மின் முனையும் இடம் மாறியிருந்தால் பெட்டி பாழாகும்.

உம்மென்ற இரைச்சல் கேட்டால், பெட்டியிலுள்ள தரைப்பிரிப்பு விசையைத் தட்டிப் பார்க்கலாம். அதற்காகச் செருகியின் தரைமுனையை ஒடித்தெறிவது சிலரின் வழக்கம். கணபதி விழா வருவது மழைக்காலத்தில். பந்தலின் தரை ஈரமாயிருக்கும். கையில் உலோகத் தந்தி இருக்கிறது. உயிரோடு விளையாடும் அவ்வேலையை எவர் சொன்னாலும் செய்யலாகாது.

2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் சில விழா நாட்களில் மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை இசைவு தரலாம். எனவே சோதனைக்கென்று மாலையிலேயே கால் மணி நேரம் ஒதுக்கி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பெட்டியில் சேமித்த ஒலி அமைப்புகள் ஒவ்வொன்றையும் அடுத்தடுத்து மிதித்து, எல்லாம் ஒரே உரப்பில் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். வீட்டில் காதுக் கருவியோடு அமைத்தவை மேடையில் ஒன்று பாய்ந்தும் ஒன்று பதுங்கியும் நிற்கும். பாடகரின் குரலுக்குக் கீழே எல்லாவற்றையும் சமன் செய்துகொண்டபின், அந்த அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கிதார்ப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.