பந்தயத் தளத்துக்குத் திரும்புவோருக்கு ஏற்ற கார்

இருபதுகளில் மோட்டார் பந்தயத் தளங்களில் கார் ஓட்டிப் பழகியவர்களுள் பலர் முப்பதுகளில் அதை நிறுத்திவிடுகின்றனர். திருமணம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என ஒவ்வொன்றாக வந்து சேரும்போது, வீட்டில் முதலில் விலைபோவது அந்த இரண்டாவது காராகவே இருக்கும். நாற்பதைக் கடந்து, வீட்டுக் கடனின் நிலுவை கைக்கெட்டும் தொலைவுக்கு இறங்கியபின் பழைய ஆசை மீண்டும் தலைதூக்குகிறது. "சும்மா ஒரு பழைய கார்தான் சார், தளத்தில் ஓட்டுவதற்கு, கடன் கிடைக்குமா?" என்னும் கேள்வி கடன் பிரிவில் பணிபுரிவோருக்குப் புதிதன்று. ஆம், இல்லை என்னும் ஒற்றைச் சொல்லில் அதற்கு விடை கூற இயலாது. எந்தக் கார், அதற்கு மொத்தம் எவ்வளவு செலவாகும், தளத்தில் அது நொறுங்கினால் இழப்பு யாருடையது என்னும் மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

'டிராக் டே' எனப்படுவது பந்தயம் அன்று. அதில் பரிசுக் கோப்பையும் இல்லை, முதலிடமும் இல்லை. தளத்தை நடத்துவோரோ ஏற்பாட்டாளர்களோ ஒரு நாளைக் குறித்து, கட்டணம் பெற்று, ஓட்டுநர்களை அனுபவத்துக்கேற்பப் பிரித்து, முறைவைத்துத் தளத்தில் இறக்குவார்கள். சாலையில் செய்யக் கூடாததை, எதிரே வண்டி வராத இடத்தில், தலைக்கவசம் அணிந்து செய்து பார்க்கும் வாய்ப்பு என்று இதனைக் கொள்ளலாம்.

இந்தியாவில் இதற்குரிய நிலையான தளங்கள் மிகச் சிலவே. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளம் 1990 முதல் இயங்கி வருகிறது, சுற்று 3.717 கி.மீ. அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில்தான் பந்தயங்கள் நடந்தன. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. சுற்றளவே உடையது. கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்வதேசத் தளம் 5.125 கி.மீ. நீளமுடையது, 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 பந்தயம் அங்கு நடைபெற்றது. கோவைத் தளம் எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கியிருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு அவர் உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரில்தான் நம் நாட்டின் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் தொழில் கற்றனர். சிறிய எஞ்சினைத் தாழ்வாக எண்ணுவோர் இதனை நினைவில் கொள்வது நல்லது.

நீங்கள் எந்தத் தளத்துக்கு அடிக்கடி செல்வீர்கள் என்பதே காரைத் தீர்மானிக்கும் முதல் காரணி. கோவை போன்ற குறுகிய தளத்தில் எடை குறைந்த சிறு கார் எளிதாகத் திரும்பும். எஞ்சினின் வலிமைக் குறைவு அங்கு அதிகம் உறுத்தாது. நொய்டாவில் 1 கி.மீ.க்கும் நீண்ட நேர்ப்பாதை உண்டு. அதன் முடிவில் உச்ச வேகத்திலிருந்து திடீரெனக் குறைக்க வேண்டியிருப்பதால், பிரேக்கின் தரமே அங்கு முதற்கேள்வி.

பல ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்புவோர் பொதுவாக, இளமையில் எட்டாதிருந்த பெரிய காரை இப்போது வாங்கிவிட எண்ணுவர். இது தவிர்க்கத்தக்கது என்பது என் கருத்து. 80, 90 குதிரைத்திறன் கொண்ட ஒரு டன்னுக்கும் குறைவான காரில் திருப்பத்தில் நுழையும் வேகமும், பிரேக்கை விடும் கணமும் ஓட்டுநருக்குத் தெளிவாகப் புலப்படும். 150 குதிரைத்திறன் கொண்ட காரிலோ, திருப்பத்தில் செய்த தவற்றை அடுத்த நேர்ப்பாதையில் எஞ்சின் மூடிமறைத்துவிடும். செலவிலும் வேறுபாடு பெரிது. எடையும் வேகமும் கூடக் கூட டயரும் பிரேக் பேடும் விரைந்து தேயும். அவற்றின் அளவு பெரிதாவதால் விலையும் கூடும்.

இக்கணக்கில் பழைய மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் முன்னிற்கிறது. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரும் 2018இல் வந்த மூன்றாம் தலைமுறைக் காரும் 1.2 லிட்டர் எஞ்சின் கொண்டவை. பின்னதன் எடை 900 கிலோவுக்கும் குறைவு. இதன் உண்மையான சிறப்பு வேகத்தில் இல்லை. எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் கைதேர்ந்தவர் இருப்பார் என்பதில்தான் உள்ளது. தளத்தின் ஓரத்துச் சரளையில் இறங்கி முன் பம்பரும் ரேடியேட்டரும் சேதமுற்றால், ஒரு வாரத்தில் கார் மீண்டும் ஓடும். அதே சேதம் அரிய கார் ஒன்றுக்கு நேர்ந்தால், உதிரிபாகத்துக்குக் காத்திருந்தே அந்தப் பருவம் கழிந்துவிடும்.

ஃபோர்டு ஃபிகோ, 1.6 லிட்டர் ஃபியஸ்டா ஆகியவற்றின் ஸ்டீயரிங் உணர்வைப் பலர் இன்றும் புகழ்கின்றனர், அப்புகழ்ச்சி தகும். ஆயினும் அந்நிறுவனம் இந்திய உற்பத்தியை நிறுத்தும் முடிவை 2021இல் அறிவித்துவிட்டது. வாங்குமுன் சஸ்பென்ஷன், கிளட்ச், முன் விளக்கு இவற்றின் விலையையும் கிடைக்கும் காலத்தையும் இரண்டு கடைகளில் விசாரிக்க வேண்டும். வோக்ஸ்வேகன் போலோவின் விற்பனை 2022இல் முடிவுற்றது. 2013இல் அறிமுகமான அதன் ஜி.டி. டி.எஸ்.ஐ. வகை 105 குதிரைத்திறன் கொண்ட விறுவிறுப்பான கார். ஆனால் அதன் 7 வேக ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி உலர் கிளட்ச் வகையைச் சேர்ந்தது. சென்னையின் வெயிலில் தொடர்ந்து பல சுற்றுகள் ஓட்டும்போது வெப்பமே அதன் பகை. பழுதானால் வரும் செலவு காரின் விலையோடு போட்டியிடும். போலோவையே விரும்புவோர், 2020இல் வந்த 1.0 லிட்டர் டர்போ எஞ்சினும் கையால் மாற்றும் 6 கியரும் உடைய வகையைத் தேடலாம். விலை கூடுதல்தான்.

2000-ஆம் ஆண்டை ஒட்டிய ஹோண்டா சிட்டி 1.5 விடெக், ஃபியட் பேலியோ 1.6 ஆகியவற்றைப் பழைய நினைவின் பொருட்டு நாடுவோரும் உண்டு. ஆசையைக் குறை கூற முடியாது. ஆனால் சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளே செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மேலும், 2019 ஏப்ரலுக்குப் பின்னரே ஏ.பி.எஸ். எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களின் குறைந்த விலை வகைகளில் அது இல்லாதிருக்கலாம். நீண்ட இடைவெளிக்குப்பின் தளத்துக்கு வருபவர் ஏ.பி.எஸ். இல்லாத காரை வாங்க வேண்டாம்.

பழைய காரைச் சோதிக்கும்போது பெயிண்டின் பளபளப்பில் மயங்குதல் கூடாது. இருக்கையின் அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, கம்பளத்தின் கீழ் மண், மூடிய காருக்குள் வீசும் ஈர வாடை ஆகியவை வெள்ளத்தில் மூழ்கிய காரின் அடையாளங்கள். 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்துக்குப் பின் சென்னையில் கார் வாங்குவோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணை உள்ளிட்டு, வேறு வங்கியின் கடன் பதிவு அதன்மேல் நிற்கிறதா, அபராதம் நிலுவையில் உள்ளதா என்று பார்த்துவிடலாம். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30 எண் படிவங்களில் கையொப்பம் பெறாமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் 'நோ கிளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது.

காரை வாங்கியதும் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுவதில் இளைஞர்கள் முனைவர். முதல் செலவு பிரேக்குக்கே உரியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 4' தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் அதற்குரிய குறைந்தபட்ச அளவு 155 டிகிரி மட்டுமே. தளத்தில் பிரேக் அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது. சில நூறு ரூபாய்ப் பொருளை முதல் நாளுக்கு முன் மாற்றிவிடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. அடுத்துச் சூடு தாங்கும் பிரேக் பேடுகள், அதற்கடுத்து டயர். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். கடிகார திசையில் ஓடும் தளத்தில் முன் இடது டயரே முதலில் தேயும் என்பதால் அதனை இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஆயிலும் கூலன்டும் புதிதாக இருந்தால் போதும். எஞ்சினுக்கு வலிமை கூட்டும் வேலை எதுவும் முதல் ஆண்டில் தேவையில்லை.

பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைத்தல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. இருக்கைகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு பொருத்திய காரைச் சாலையில் ஓட்டிச் செல்வது சட்டத்துக்கு மட்டுமன்றித் தலைக்கும் ஆபத்து: தலைக்கவசம் இல்லாதபோது அந்தக் கூண்டின் குழாயே மண்டையைத் தாக்கும். சாலைக்கும் தளத்துக்கும் ஒரே கார் என்றால், அது நிறுவனம் செய்த வடிவிலேயே இருக்கட்டும்.

இனி, வங்கியாளர் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது காப்பீடு பற்றியது. சொந்தப் பயன்பாட்டுக் காருக்கான வழக்கமான காப்பீட்டுப் பத்திரத்தில் 'பயன்பாட்டின் வரம்புகள்' என்றொரு பத்தி உண்டு. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை போன்றவற்றுக்குக் காரைப் பயன்படுத்தும்போது அப்பத்திரம் பொறுப்பேற்காது என்று அங்கு எழுதப்பட்டிருக்கும். டிராக் டே பந்தயம் அன்றே என்று நீங்கள் வாதிடலாம். அது வேகச் சோதனை என்று நிறுவனம் எதிர்வாதம் செய்யும். அவ்வாதத்தின் முடிவை நம்பி யாரும் தளத்தில் இறங்கக் கூடாது. தளத்தின் வாயிலைக் கடந்ததும் காருக்குக் காப்பீடு இல்லை என்றே கொள்ள வேண்டும். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பும் அதே பத்திரத்தின் பகுதியாயின் அதே வரம்புக்கு உட்பட்டதே. தனிநபர் விபத்துக் காப்பீடுகள் பலவற்றிலும் பந்தயமும் ஆபத்தான விளையாட்டுகளும் விலக்கப்பட்டுள்ளன. ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு பற்றிய வினா இருப்பின் உண்மையை எழுதிவிடுங்கள். பிரீமியம் சிறிது கூடலாம். மறைத்துப் பெற்ற பத்திரத்தை நம்பிக் குடும்பம் நிற்பதைவிட அது மேல்.

கடன் பற்றிய விடை இதிலிருந்தே கிடைக்கிறது. கார் கடனில் கார்தான் வங்கிக்குப் பிணையம். தளத்தில் கார் நொறுங்கிக் காப்பீடும் மறுக்கப்பட்டால், பிணையம் அழிந்துவிடும், தவணை அழியாது. 3 இலட்சம் ரூபாயை 14 சதவீத வட்டியில் 36 மாதங்களுக்குக் கடனாகப் பெறுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 69,000 ரூபாய். ஐந்தாம் மாதம் கார் பழைய இரும்புக் கடைக்குப் போனாலும், எஞ்சிய 31 மாதங்கள் அத்தொகை உங்கள் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை அந்த 31 மாதங்களுக்குள் வருமாயின் அதன் சுமை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. தனிநபர் கடனில் பிணையம் இல்லை என்பது தவிர வேறுபாடு கிடையாது. கடன் வழங்குவது எங்கள் தொழில்தான். எனினும் தளத்தில் ஓட்டும் காருக்குக் கடன் வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அதே 10,000 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்பில் இட்டுவந்தால், 6.5 சதவீத வட்டியில் 24 மாதங்களில் ஏறத்தாழ 2,56,850 ரூபாய் சேரும். அந்த இரண்டு ஆண்டுகளைச் சும்மா கழிக்க வேண்டியதும் இல்லை. பயிற்சிப் பள்ளிகளின் காரில் ஓரிரு நாள் கட்டணம் செலுத்தி ஓட்டிப் பார்க்கலாம். ஆசை உண்மையானதா, வெறும் நினைவேக்கமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முதுகுவலியும் சேர்ந்து சொல்லும். பின்னர், சேர்ந்த தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் கார் வாங்கி, எஞ்சிய பங்கை பிரேக், டயர், தளக் கட்டணம், தரமான முழுமுகத் தலைக்கவசம் ஆகியவற்றுக்கும், ஒருமுறை நேரக்கூடிய பழுதுக்கும் ஒதுக்குங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான கையிருப்பும் மருத்துவக் காப்பீடும் இக்கணக்குக்கு வெளியே, தொடப்படாமல் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை எழுதி வீட்டில் துணைவரிடம் காட்டிவிடுவதும் நன்று.

முதல் நாளன்று பயிற்றுநர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். தொடர்ந்து நான்கைந்து சுற்றுகளுக்கு மேல் விரைந்து ஓட்டாமல், கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாது மெதுவாக முடித்தால் சூடு தணியும். நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது தளத்து வழக்கம். சூடேறிய பேட் டிஸ்க்கில் அல்லது டிரம்மில் ஒட்டிக்கொள்வதை அது தவிர்க்கும். மாலையில் அதே காரில் வீடு திரும்புவோர், டயர்கள் முற்றிலும் ஆறியபின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, சக்கர நட்டுகளை மீண்டும் முடுக்கி, பேடில் எஞ்சியுள்ள தடிமனைக் கண்ணால் பார்த்த பிறகே நெடுஞ்சாலையில் ஏற வேண்டும்.