சொத்தைப் பல்: எப்போது காத்திருப்பது, எப்போது கை வைப்பது?

பல்லில் ஒரு கரும்புள்ளியைக் கண்டு எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளுள் ஒன்றைக் கேட்கின்றனர். "இதை உடனே அடைத்துவிடலாமா?" என்பது ஒன்று. "வலியே இல்லையே, அப்படியே விட்டுவிடலாமா?" என்பது மற்றொன்று. சில பற்களைத் தொடாமல் காப்பதே சரியான மருத்துவம்; வேறு சில பற்களில் ஒரு மாதத் தாமதமும் பல்லை இழக்கச் செய்யும். எனவே இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை கூற இயலாது. இவ்விரு வகைகளையும் நாங்கள் எவ்வாறு பிரித்தறிகிறோம் என்பதை நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் அறிந்திருப்பது நல்லது.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது?

நம் ஊர்ப்பக்கத்தில் சொத்தையைப் 'பூச்சிப் பல்' என்று சொல்வதுண்டு. உண்மையில் பல்லைத் துளைக்கும் புழுவோ பூச்சியோ இல்லை. பல்லின்மேல் படியும் பாசி போன்ற படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின்மேல் அமிலத்தன்மை மிகுந்து பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் வெளிப்பகுதியான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மீண்டும் எனாமலுக்குள் செலுத்துகிறது. இவ்வாறு மீள்வதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

ஒரு நாளில் இரண்டு மூன்று முறை இனிப்பு உண்பவரின் பல் மீண்டுவிடும். காலை முதல் இரவு வரை சர்க்கரை சேர்த்த தேநீரை ஆறேழு முறை அருந்துபவருக்கும், இடையிடையே மரவள்ளிச் சிப்ஸும் பிஸ்கட்டும் கொறிக்கும் குழந்தைக்கும் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. ஆகவே சர்க்கரை எவ்வளவு என்பதைக் காட்டிலும், எத்தனை முறை என்பதே முதன்மையானது.

துளை விழுவது இந்தப் போக்கின் இறுதிக் கட்டமாகும். அதற்கு முன் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள்கூட, அது ஒரு வெண்ணிறத் தழும்பாகவே இருக்கும். அந்த நிலையில் மேற்பரப்பு உடையாமல் இருந்தால் அதைத் துளையின்றியே நிறுத்த முடியும்.

எல்லாப் புள்ளியும் சொத்தை அன்று

நம் பகுதியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் போலவே சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சில இடங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதியாக உள்ளது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்திலும் 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இச்சிக்கலைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகத் தொடங்கி வைக்கப்பட்டது.

பற்கள் தாடைக்குள் உருவாகும் இளம் பருவத்தில் மிகுந்த ஃப்ளோரைடு உடலில் சேர்ந்தால், முளைக்கும்போதே அவற்றில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்கோடுகளோ பழுப்புத் திட்டுகளோ தோன்றும். இவை இடமும் வலமும் ஒத்த பற்களில் ஒரே மாதிரி அமைந்திருக்கும். தொடக்கநிலைச் சொத்தையோ ஈறு ஓரத்திலும், பற்களின் இடுக்கிலும், கடைவாய்ப் பல்லின் பள்ளங்களிலும், அதாவது படலம் தேங்கும் இடங்களில் வரும். முன்னதைச் சொத்தை என்று கருதித் துளையிட்டால் நல்ல பல்லை வெட்டியவர்கள் ஆவோம். அதனால்தான் "வீட்டில் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரா, காவிரிக் குடிநீரா?" என்று கேட்கிறோம். நீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு நீங்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரே அளவுச் சொத்தை, மூன்று முடிவுகள்

எடுத்துக்காட்டாக மூவரை எண்ணிப் பாருங்கள். மூவருக்கும் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு இடையே ஒரே அளவுச் சொத்தை. எக்ஸ்ரே படத்தில் அது எனாமலைக் கடந்து, அதன் உள்ளடுக்கான டென்டைனின் வெளிப்பகுதியை இப்போதுதான் தொட்டிருக்கிறது. மேற்பரப்பு உடைந்ததாகத் தெரியவில்லை.

முதலாமவர் பன்னிரண்டு வயது மாணவி. நாள்தோறும் இருமுறை பல் துலக்குகிறாள். தாயார் தவறாமல் அழைத்து வருகிறார். இவளுக்கு நாங்கள் துளையிடுவதில்லை. ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, இடுக்கைத் தூய்மை செய்யக் கற்பித்து, மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து, உரிய இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுகிறோம்.

இரண்டாமவர் நாற்பது வயது லாரி ஓட்டுநர். வடமாநில ஓட்டத்தில் வாரக்கணக்கில் வெளியே இருப்பவர். தூக்கம் வராதிருக்க இரவு முழுவதும் இனிப்புத் தேநீர் அருந்துபவர். அடுத்த முறை எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. கண்காணிக்க இயலாத இடத்தில் காத்திருத்தல் என்பது கைவிடுதலாகிவிடும். இவருக்குச் சிறு அளவில் அடைத்துவிடுவதையே பெரும்பாலும் பரிந்துரைப்போம்.

மூன்றாமவர் அறுபத்தெட்டு வயது மூதாட்டி. நீரிழிவு உண்டு; சில மாத்திரைகளால் வாய் உலர்ந்தே இருக்கிறது. உமிழ்நீர் குறைந்தால் பல்லின் இயற்கைக் காவல் குறைகிறது. இவருடைய சர்க்கரை அளவு, மாத்திரைகள், வாய் உலர்வு ஆகியவற்றை உரிய மருத்துவரோடு கலந்து பார்த்து, குறுகிய இடைவெளியில் கண்காணிக்கிறோம். சொத்தை சிறிதளவு முன்னேறினாலும் அடைத்துவிடுகிறோம்.

ஆக, சிகிச்சையை முடிவு செய்வது படத்தில் தெரியும் துளையின் அளவு மட்டுமன்று; அந்தப் பல்லை உடைய மனிதரின் வாழ்க்கையும்தான்.

ஏன் குறைவாக வெட்டுகிறோம்?

அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி.வி. பிளாக் 1908இல் வெளியிட்ட நூல் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியது. சொத்தையைச் சுற்றியுள்ள நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டி விரிவாக்குவதே அன்றைய நெறி. பல்லில் ஒட்டும் பொருள்கள் இல்லாத காலத்தில் அது தேவையாகவும் இருந்தது. 1955இல் எனாமலை அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டும் முறை அறியப்பட்டது. 1970களில் பல்லோடு தானே பிணைந்து ஃப்ளோரைடை வெளியிடும் கிளாஸ் அயனோமர் சிமெண்டு வந்தது. 1980களில் தான்சானியாவில், மின்சாரமும் துளைக்கருவியும் இல்லாத ஊர்களுக்காக, கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி இந்தச் சிமெண்டால் அடைக்கும் முறை உருவானது.

அடைத்த பல் என்றைக்குமாகச் சரியானது என்று எண்ண வேண்டாம். எந்த அடைப்பும் ஒருநாள் தேயும் அல்லது ஓரத்தில் கசியும். மாற்றும் ஒவ்வொரு முறையும் குழி சற்றே பெரிதாகும். சிறு அடைப்பு பெரிய அடைப்பாகி, வேர் சிகிச்சையாகி, உறையாகி, இறுதியில் பல்லை எடுப்பதில் முடியலாம். முதல் அடைப்பை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு ஆண்டுகள் பல்லின் ஆயுளில் கூடுகின்றன.

ஆழமான சொத்தையிலும் இதே எண்ணம்தான். பற்கூழுக்கு மிக அருகில் உள்ள மென்மையான பகுதியை முழுவதும் சுரண்டினால் கூழ் வெளிப்பட்டுவிடும். ஆகவே குழியின் ஓரங்களை முற்றிலும் தூய்மை செய்து, அடித்தளத்தில் சிறிதளவு மென்பகுதியை விட்டு, இறுக மூடிவிடுகிறோம். உணவு கிடைக்காத பாக்டீரியாக்கள் செயலிழக்கின்றன. 2016இல் வெளியான பன்னாட்டு வல்லுநர்களின் பரிந்துரையும் இதுவே. "சொத்தையை மிச்சம் வைத்துவிட்டார்கள்" என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பற்கூழ் உயிரோடு, மீளக்கூடிய நிலையில் இருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

பால் பற்களைப் பற்றி

"விழப்போகும் பல்தானே" என்று விட்டுவிடக் கூடாது. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவை முன்பே போனால் குழந்தை மெல்லத் தயங்கும். நிலைப்பற்களுக்கான இடமும் குறுகும். இங்கும் மென்மையான வழிகள் உண்டு. சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்னும் நீர்மத்தைத் தொட்டு வைத்தாலே பல சொத்தைகள் நின்றுவிடும். மரப்பு ஊசி தேவையில்லை. சொத்தைப் பகுதி நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லி இசைவு பெறுகிறோம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதனைத் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. சொத்தையைச் சுரண்டாமலே எஃகு உறையைப் பொருத்தி மூடும் ஸ்காட்லாந்து முறையும் பயன்படுகிறது.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

குளிர்ந்த நீர் பட்டதும் சுருக்கென்று கூசி, உடனே அடங்கினால் பற்கூழ் மீளக்கூடும். தானாக எழும் வலி, தூக்கத்தைக் கலைக்கும் வலி, சூட்டால் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும் வலி ஆகியவை கூழ் கெட்டுவருவதன் அறிகுறிகள். கிராம்பும் வலி மாத்திரையும் வலியை மறைக்குமேயன்றி நோயை நிறுத்தா. சில நாளில் வலி தானாக நின்றாலும் மகிழ வேண்டாம். கூழ் இறந்ததால் நின்றிருக்கலாம். முகமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கி, காய்ச்சல், வாய் திறக்க இயலாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ தடை ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் மறுநாள் வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். இது உயிருக்கே ஊறு செய்யும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஃப்ளோரைடு உள்ள பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்குங்கள். இரவு துலக்கிய பின் நீரைத் தவிர எதுவும் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு ஓர் அரிசியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு பசை போதும்; துப்பப் பழக்குங்கள்.

• பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்க விடாதீர்கள்.

• படுக்கையில் இருக்கும் முதியோருக்கும் பக்கவாத நோயாளிக்கும் பல் துலக்கிவிடுவது, மருந்து கொடுப்பது போலவே பராமரிப்பவரின் அன்றாடக் கடமை.

• உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

• "இந்தச் சொத்தை உடைந்திருக்கிறதா? வளர்கிறதா, நின்றுவிட்டதா? அடைக்காமல் காக்க முடியுமா? மறுபடி எப்போது வர வேண்டும்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

"இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று நாங்கள் கூறினால், அந்தச் சொற்களோடு ஒரு தேதியும் தருவோம். அந்தத் தேதியில் நீங்கள் வருவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.