பேச்சு வரும் வேகம்

ஓட்டமும் நடையும் – 14

இந்தத் தொடருக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கதையைச் சொல்கின்றன. ஊர் மாறுகிறது, வயது மாறுகிறது, கதை மாறுவதில்லை. ‘புது ஷூ வாங்கினேன். விடியற்காலையில் எழுந்து ஓட ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் அமர்க்களமாகப் போனது. ஐந்து கிலோமீட்டரை 42 நிமிடத்திலிருந்து 34 நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்கப்புறம் நேரம் குறையவே மாட்டேன் என்கிறது. கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடுகிறேன். மனதை உறுதியாக வைத்துக்கொள்ள வழி சொல்லுங்கள்.’

திண்டுக்கல் பக்கத்திலிருந்து எழுதிய ஒரு பள்ளி ஆசிரியை, தனக்கு வைராக்கியம் போதவில்லை என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. நாலரை மணிக்கு எழுந்து, அடுப்படி வேலையைப் பாதி முடித்துவிட்டு, இருட்டில் ஓடக் கிளம்புகிற ஒருவரிடம் வைராக்கியத்துக்கு என்ன பஞ்சம்? அவர் அனுப்பியிருந்த ஓட்டக் கணக்கைப் பார்த்தேன். வாரத்தில் ஐந்து நாள். ஐந்து நாளும் அதே பாதை, அதே தூரம். ஒவ்வொரு நாளும் நேற்றைய நேரத்தை முறியடிக்க ஒரு முயற்சி. தினமும் காலையில் தனக்குத்தானே முழு ஆண்டுத் தேர்வு வைத்துக்கொள்கிறார். பாடம் நடத்தாமல் பரீட்சை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும்?

ஆகவே இந்த வாரம் வேகத்தைப் பற்றிப் பேசுவோம். பொழுதுபோக்காக ஓடுகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு, நான் பார்த்த வரையில், சோம்பலைவிடப் பெரிய காரணம் அவர்கள் அன்றாடம் ஓடுகிற வேகம்தான்.

இதை உலகத்துக்குப் புரியவைத்தவர் நியூசிலாந்துக்காரர் ஒருவர். ஆக்லாந்து நகரின் ஆர்தர் லிடியார்ட். 1917இல் பிறந்தவர், ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குடும்பச் செலவுக்காக வீடு வீடாகப் பாலும் போட்டார். ரக்பி ஆடிய உடம்பு என்பதால் தான் திடமாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார். முப்பதை நெருங்கும் வயதில் ஒரு நண்பரோடு ஐந்து மைல் ஓடப் போனபோது அந்த நம்பிக்கை போனது. நெஞ்சு அடைத்தது, கால் தள்ளாடியது. இப்போதே இப்படியென்றால் இன்னும் இருபது வருடத்தில் நம் கதி என்ன என்று பயந்துபோனார்.

அதிலிருந்து பல வருடங்கள் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கினார். தூரத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். எவ்வளவு ஓடினால் உடம்பு தேறுகிறது, எந்த இடத்தில் உடைகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அவர் வந்து சேர்ந்த முடிவு அன்றைய பயிற்சியாளர்கள் பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஓட்டப்பந்தய வீரர் யாராக இருந்தாலும், அவர் ஓடப்போவது 800 மீட்டரே ஆனாலும், முதலில் மாதக்கணக்கில் வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், நிதானமாக ஓடி அடித்தளம் போட வேண்டும். களைப்பு இருக்கலாம், ஆனால் மறுநாள் மறுபடி ஓட முடிகிற களைப்பாக இருக்க வேண்டும். மேட்டு ஓட்டமும் மைதானத்தில் சீறிப் பாய்வதும் அதற்குப் பிறகுதான். ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாக்கரே மலைகளில் ஏறி இறங்கும் 22 மைல் சுற்று ஒன்று உண்டு. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயத்துக்காகத் தயாராகிற பையனையும் அந்தச் சுற்றில் ஓடவிட்டார்.

அந்தப் பையன் பெயர் பீட்டர் ஸ்னெல். 1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். வெளியுலகில் அதிகம் பேருக்குத் தெரியாத 21 வயது ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஒரு மணி நேரத்துக்குள், அதே மைதானத்தில், ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை முடங்கிப்போன மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடி ஜெயித்த மாரத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். அதில் மூன்றாவதாக வந்த பாரி மகீயும் லிடியார்டின் மாணவர். ஷூ தொழிற்சாலைக்காரரின் கையில் மூன்று ஒலிம்பிக் பதக்கங்கள்.

என்னைக் கவர்ந்தது இதற்கு அடுத்த அத்தியாயம். பதக்கங்களோடு நின்றுவிடாமல், ஒலிம்பிக்கைக் கனவிலும் நினைக்காத மனிதர்களிடம் லிடியார்ட் அதே முறையைக் கொண்டுபோனார். தொப்பை போட்ட நடுத்தர வயதுக்காரர்கள், மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள், படியேறினால் மூச்சு வாங்குகிறவர்கள். மாரடைப்பு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்ட காலம் அது. அவர்களிடம் லிடியார்ட் கேட்டுக்கொண்டதன் சாரம் எளிமையானது: பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள், அதைத் தாண்டாதீர்கள். 1962இல், பிற்பாடு ஆக்லாந்து மேயரான காலின் கேயும் சேர்ந்துகொள்ள, ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் பிறந்தது.

அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன் லிடியார்டைப் பார்க்க வந்தார். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இவர். ஊரே கூடி ஓடுவதைப் பார்த்து, நாமும் ஓடுவோம் என்று 51 வயது பவர்மன் கூட்டத்தோடு கிளம்பினார். உலகத்தர வீரர்களை உருவாக்கியவர், சீக்கிரமே மூச்சிரைத்துப் பின்தங்கினார். மாரடைப்பிலிருந்து மீண்ட, எழுபதைத் தாண்டிய ஒரு முதியவர்தான் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே கூட ஓடி வந்தார். பதில் சொல்ல பவர்மனுக்கு மூச்சு இல்லை. ஊர் திரும்பியதும் யூஜீன் நகரவாசிகளுக்கு ஓட்ட வகுப்பு தொடங்கினார். ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து அவர் எழுதிய ‘ஜாகிங்’ என்ற சிறு புத்தகம் 1967இல் வந்து பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இன்றைக்கு மெரினாவில் நாம் பார்க்கும் காலை ஓட்டக் கூட்டத்துக்கு வேர் தேடினால் அந்த ஆக்லாந்துப் பெரியவர்களிடம் போய்ச் சேரலாம்.

நிதானமாக ஓடும்போது உள்ளே நடக்கிற வேலை சாதாரணமானதல்ல. இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, வாரங்கள் போகப்போகக் கூடுகிறது. தசை நார்களைச் சுற்றிப் புதிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. செல்லுக்குள் எரிபொருளை ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. சர்க்கரையை மட்டும் நம்பாமல் கொழுப்பையும் எரிக்க உடம்பு பழகுகிறது. இவற்றுக்கெல்லாம் தேவை நேரம், மணிக்கணக்கான நேரம். மூச்சிரைக்க ஓடினால் அந்த நேரத்தை உடம்பு தராது. இன்னொன்றும் உண்டு. மூச்சும் தசையும் சீக்கிரம் தேறிவிடும்; தசைநாண்களும் எலும்பும் மெதுவாகத்தான் பலப்படும். இரண்டாவது மாதத்தில் ‘இன்னும் வேகமாகப் போகலாம்’ என்று நெஞ்சு சொல்லும்போது, கணுக்கால் அதற்குத் தயாராக இருக்காது. கடிதங்களில் வரும் கெண்டைக்கால் வலியும் முழங்கால் வலியும் பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறப்பவை.

நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீஃபன் செய்லர், துடுப்புப் படகு, பனிச்சறுக்கு, நெடுந்தூர ஓட்டம் என்று பல துறைகளில் உச்சத்தில் இருப்பவர்களின் பயிற்சிக் குறிப்புகளை அலசினார். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குப் பயிற்சி, அவர்கள் அளவுக்கு, மெதுவானது. மீதி ஒரு பங்குதான் கடுமையானது. நம்மவர்களிடம் நான் பார்ப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம். உடம்பு ஆறுவதற்கு அது அதிகம். வேகம் கூடுவதற்கு அது போதாது. வருடம் முழுக்க அதிலேயே ஓடிவிட்டு, முன்னேற்றம் இல்லையே என்று சலித்துப்போகிறார்கள்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் போன மாதம் பார்த்த காட்சி ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் இருவர். ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பையன். அடையாற்றில் ஒரே குடியிருப்பாம்.

“உங்க ஸ்பீட்ல வந்தா எனக்குக் கால் பின்னுது சார்.”

“பின்னட்டும் தம்பி. நேத்து மேட்ச் கடைசி ஓவர் நான் பாக்கலை. என்ன நடந்துச்சு, சொல்லிக்கிட்டே வா.”

பையன் சொல்ல ஆரம்பித்தான். முதல் இரண்டு பந்து சரளமாக வந்தது. மூன்றாவது பந்தில் ஆர்வம் தாங்காமல் காலும் வேகமெடுத்தது. “அவன் லாங் ஆன்ல... தூக்கி... சார்... தூக்கி அடிச்சான்...” பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். பையனும் குறைக்க வேண்டியதாயிற்று. நாலாவது பந்து மறுபடியும் முழு வாக்கியமாக வந்தது. கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் தாண்டும்போது பையன் கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, முழுக்கைச் சட்டையை அதன் மேல் இழுத்து விட்டுக்கொண்டான். கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என்று காட்டியதாகப் பிறகு சொன்னான். அவன் வயதுக்கு அது வெட்கமாக இருந்திருக்கும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடியது அன்றைக்குத்தான் முதல்முறை என்றும் சொன்னான்.

சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஓடுகிறவர்களுக்குக் கடிகாரம் கூடுதலாகவே மனச்சோர்வு தரும். புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திரும்புவதால் காலுக்குப் போகிற பங்கு குறைகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. ஜனவரியில் ஓடிய வேகத்தை மே மாதத்தில் எதிர்பார்ப்பது உடம்புக்குச் செய்கிற அநியாயம். பத்துப் பதினான்கு நாள் பொறுத்தால் ரத்தத்தில் நீர்ப்பங்கு கூடி உடம்பு வெயிலுக்கு ஓரளவு பழகிவிடும். அப்போதும் கோடையில் மூச்சை வைத்துத்தான் வேகத்தை அளக்க வேண்டும். பேச்சு வரும் வேகத்தில் ஓடவே முடியவில்லை என்றால் இடையிடையே நடங்கள். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, நடையும் ஓட்டமும் கலந்த முறையில் ஏராளமான புதியவர்களை மாரத்தான் வரை கொண்டுபோனார். நடப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பெண்கள் எழுதும் கடிதங்களில் இன்னொன்று வருகிறது. விளக்கு எரியாத தெரு, துரத்தும் நாய், பைக்கில் பக்கத்தில் வந்து மெதுவாக்குகிறவன். இதையெல்லாம் தாண்டி ஓடப் போகாத நாளில், உனக்கு உறுதி போதாது என்று ஒரு பெண்ணிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தெருவைச் சரிசெய்ய வேண்டியது ஊராரும் மாநகராட்சியும். அதுவரை துணை தேடிக்கொள்வதே வழி. சென்னை ரன்னர்ஸ் போன்ற குழுக்கள் பகுதி வாரியாகக் கூடி ஓடுகின்றன. சிறிய ஊரில் இரண்டு பேர் சேர்ந்தாலே அது குழுதான். பேச்சு வரும் வேகத்துக்கும் அது உத்தரவாதம்.

கூட்டம் பிடிக்காதவர்களும் உண்டு. கனடாவில் குடியேறிய ஆங்கிலேயச் சுரங்கப் பொறியாளர் எட் விட்லாக் அந்த ரகம். இளவயதில் ஓடி, விட்டுவிட்டு, நாற்பதுகளில் மறுபடி பிடித்தவர். ஒன்டாரியோ மாகாணத்தில் மில்டன் என்ற ஊரில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குள் தனியாகச் சுற்றிச் சுற்றி ஓடுவார். பழைய ஷூ, கிட்டத்தட்ட காலைத் தேய்த்துத் தேய்த்துப் போகிற ஓட்டம், சில பருவங்களில் நாளுக்கு மூன்று மணி நேரம். பயிற்சியாளர் கிடையாது. 2003இல், 72 வயதில், டொரன்டோ மாரத்தானை 2 மணி 59 நிமிடம் 10 விநாடியில் முடித்தார். எழுபதைத் தாண்டியவர்களில் மூன்று மணிக்குள் முடித்த முதல் மனிதர். மறு வருடம் 73 வயதில் 2:54:48. 2016இல், 85 வயதில், 3:56:34. அதற்கு அடுத்த மார்ச்சில் காலமானார்.

விட்லாக்கின் பேட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய நேர்மை. தினசரிப் பயிற்சி தனக்குப் பெரிய ஆனந்தம் தருவதில்லை, பந்தயமும் சாதனையும்தான் பிடிக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓட்டம் என்றால் தினமும் பரவசம் வர வேண்டும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பரவசம் வராத நாட்களிலும் அவரால் போக முடிந்ததற்கு, முந்தின நாள் ஓட்டம் அவரை அடித்துப்போடாததும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

சரி, எப்போதும் ஆமை வேகம்தானா என்று கேட்பீர்கள். இல்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேகம் வேண்டும். பத்து நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, ஒரு நிமிடம் விரட்டி ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இப்படி ஆறு முறை. அதை மனதாரக் கடுமையாகச் செய்யுங்கள்; முந்தின நாள் நிதானமாக ஓடியிருந்தால்தான் அது முடியும். இரண்டு நாள் 40 நிமிடம் பேச்சு வேகம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு கிலோமீட்டர் கூட்டி. மற்ற நாள் ஓய்வு. வாரத்துக்கு நான்கு நாள், வேலைக்குப் போகிற ஒருவருக்கு இது தாராளம்.

கடிகாரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை அதே பாதையில், அதே விடியற்காலைப் பொழுதில், பேச்சு வரும் வேகத்தில் ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகத்தை முடுக்காமலே 43 நிமிடம் 41 ஆகியிருந்தால் இதயம் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த எண் மெதுவாகத்தான் இறங்கும். அதனால்தான் பல மாதம் கழித்தும் இறங்கிக்கொண்டிருக்கும்.

சென்னையின் பெரிய மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. பத்துக் கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் ஜூலையிலேயே நிதான ஓட்டத்தைத் தொடங்கிவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வாரங்கள் எப்படியும் கைநழுவிப் போகும். அடுத்த வாரம், அதிகம் பேர் கேட்டிருக்கும் முழங்காலைப் பற்றி.