முகில் காட்டினுள் மூன்று நாள்



மலையேறியவர் கதை பலவற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது மலையிறங்கிய கதை. தென் அமெரிக்காவிலே, பெரு நாட்டிலே, ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவிலே கொஸ்ஞிப்பாத்தா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அதன் உச்சியில் மரமே இல்லாத குளிர்ந்த புல்வெளி. அடியில் அமேசான் பெருங்காடு. இவ்விரண்டுக்கும் நடுவே, ஆண்டின் பெரும்பகுதியும் மேகத்துள் மறைந்து கிடப்பது முகில் காடு. அச்சரிவில் உள்ள துரோச்சா யூனியோன் என்னும் ஒற்றையடிப் பாதையிலே நான் மூன்று நாள் நடந்தேன்.

நடந்தது சுற்றுலாவுக்காக அன்று. என் பழைய மாணவர் ஒருவர் அங்கே மரங்களை அளக்கும் ஆய்வாளர்களோடு பணியாற்றுகிறார். "ஐயா, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் குறைகிறது, வருகிறீர்களா?" என்று விளையாட்டாக எழுதியிருந்தார். நான் அதனை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "அறுபத்தாறு வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று என் மனைவி கேட்டாள். அதற்கு என்னிடம் விடையில்லை, ஆயினும் புறப்பட்டுவிட்டேன்.

முதலில் கூஸ்கோ நகரில் தங்கினோம். அந்நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரு பங்குதான். மாடிப்படி பத்து ஏறினால் மூச்சு முட்டும், தலை கனக்கும். உடல் அதற்குப் பழகும்வரை அங்கேயே இருந்து, அவ்வூரார் கொடுத்த கோக்கா இலைக் கஷாயத்தைப் பருகினேன். அதனால் பயன் விளைந்ததோ, ஓய்வினால் விளைந்ததோ, நான் அறியேன். ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் நின்ற மரங்களைக் கண்டதும் திடுக்கிட்டேன். தைல மணம் வீசியது. நம் உதகமண்டலத்தில் நிற்கும் அதே யூகலிப்டஸ் மரங்கள்! ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்ட அம்மரம் இரண்டு கண்டத்து மலைகளிலும் குடியேறி, பிறந்த ஊர்போல் உரிமை கொண்டாடுகிறது.

அங்கிருந்து பவுக்கார்த்தம்போ என்னும் சிற்றூரைக் கடந்து அக்கானாக்கோ கணவாயை அடைந்தோம். மானு தேசியப் பூங்காவின் எல்லை இது. 1973-இல் அமைந்த இப்பூங்காவை 1987-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றது. இதன் உயர்ந்த பகுதி 4,000 மீட்டருக்கு மேல். தாழ்ந்த பகுதி சில நூறு மீட்டரே. ஒரே பூங்காவுக்குள் பனி உறையும் மேடும் முதலை நீந்தும் ஆறும் இருக்கின்றன என்றால், அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட பறவையினங்கள் வாழ்வதில் வியப்பில்லை.

கணவாய்க்கு அப்பால் ஓரிடத்தில் மாணவர் என்னை நிறுத்தினார். "ஐயா, வலக்காலை அங்கே வையுங்கள், இடக்கால் இங்கேயே இருக்கட்டும்" என்றார். வலக்கால் பாசியிலே புதைந்தது. இடக்கால் இச்சு என்னும் காய்ந்த புல்லின்மேல் நின்றது. காடு அவ்வளவு திடீரென்று முடிகிறது, கத்தியால் வெட்டியதுபோல.

முகில் காடு எவ்வாறு உண்டாகிறது? அமேசான் சமவெளியிலிருந்து வரும் ஈரக்காற்று ஆண்டிஸ் சுவரில் மோதுகிறது. வேறு வழியின்றி மேலே ஏறுகிறது. ஏறும்போது விரிகிறது, விரியும்போது குளிர்கிறது, குளிர்ந்தபின் அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி மேகமாகிறது. இவ்வளவும் உங்கள் பாடநூலில் உண்டு. பாடநூலில் நான் காணாத ஒன்றை அங்கே கண்டேன். மழை பெய்யவில்லை, ஆயினும் மரத்தடியில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. கிளைகளெங்கும் பாசியும், பெரணியும், ஆர்க்கிட் மலர்ச்செடிகளும், அன்னாசிக் குடும்பத்துச் செடிகளும் அடர்ந்து தொங்குகின்றன. கடந்துபோகும் மேகத்தை அவை சீப்பால் வாருவதுபோல் வாரி, துளிகளைப் பிடித்துக் கீழே விடுகின்றன. நீர் பஞ்சுபோன்ற மண்ணில் ஊறி, மெல்ல மெல்லக் கசிந்து ஓடைகளாகிறது. பாசியை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்க்க ஆசைப்பட்டுக் கையை நீட்டினேன். மாணவர் என்னைப் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் வேலை தொடங்கிற்று. உச்சியிலிருந்து அடிவாரம்வரை, வெவ்வேறு உயரங்களில், ஒரு ஹெக்டேர் அளவுள்ள சதுர நிலங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் உள்ள மரம் ஒவ்வொன்றிலும் எண் பொறித்த சிறு உலோக வில்லை தொங்குகிறது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளவு காண்கிறோம். சில ஆண்டு கழித்து மீண்டும் அதே இடத்தில் அளக்கிறார்கள். எது வளர்ந்தது, எது மடிந்தது, எது புதிதாய்ப் பிறந்தது என்பது இவ்வாறு தெரியவரும். கேட்பதற்கு எளிது. வழுக்கும் சரிவில், விரல் மரத்துப்போன நிலையில், இருபதாவது மரத்தைக் கட்டிப்பிடிக்கும்போதுதான் அறிவியலின் விலை விளங்கும்.

இத்தகைய 14 நிலங்களின் அளவுகளை ஒப்பிட்டு 2011-இல் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: காடு மலையேறுகிறது. மரம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். மரம் நடக்கவில்லை. தாழ்ந்த இடத்துக்குரிய மர வகைகளின் கன்றுகள் மேல் நிலங்களில் பிழைத்து வளர்கின்றன. மேலிடத்துக்குரியவை தம் பழைய எல்லையின் அடியில் குறைகின்றன. ஆகவே மரப் பேரினங்களின் இருப்பிடம், சராசரியாக, ஆண்டுக்கு 2.5 முதல் 3.5 மீட்டர் உயரம் மேலே நகர்ந்திருந்தது. காரணம், பூமி வெப்பமடைதல்.

இங்கே ஒரு சிறு கணக்கு. பழைய வாத்தியார் விடுவாரா? நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்கிறது என்று கொள்வோம். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், தனக்குப் பழகிய குளிரைத் தேடி ஒரு மரவகை 200 மீட்டர் ஏறவேண்டும். ஆண்டுக்கு 3 மீட்டர் வீதம் ஏறினால் 66 ஆண்டுக்கு மேல் ஆகும். என் வயது முழுவதும்! வெப்பமோ அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. காட்டின் நடை வெப்பத்தின் நடைக்குப் பின்தங்கியிருக்கிறது என்பதே அவ்வாய்வின் துயரமான செய்தி.

இன்னொரு தடையும் உண்டு. நான் இரு கால் வைத்து நின்ற அந்தக் கோடு! மேலேறும் மரங்கள் அங்கே வந்து நின்றுவிடுகின்றன. ஆடு மாடு மேய்ப்போர் வறண்ட காலத்தில் புல்லுக்குத் தீ வைக்கிறார்கள், இளந்தளிர் வரட்டும் என்று. தீ காட்டின் விளிம்பைக் கருக்குகிறது, கன்றுகள் மடிகின்றன. அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குளிரில் அவர்களுக்கு வேறு பிழைப்பு என்ன இருக்கிறது?

அன்றிரவு கூடாரத்தில் நான் மாணவரிடம் ஒன்று சொன்னேன். 1986-இல் நீலகிரியில் ஒரு பள்ளியில் ஆசிரியனாய் இருந்தபோது, மர விழா நாளில் மாணவர்களை அழைத்துச் சென்று, வெறுமையாய்க் கிடந்த புல்மேட்டில் சீகை மரக்கன்றுகளை நட்டேன். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறாக, பிள்ளைகள் பாடிக்கொண்டே நட்டார்கள். எங்களுக்குப் பாராட்டும் கிடைத்தது. அப்புல்மேடு வெறுமையானதன்று. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுக்கு முன்பும் அங்கே புல்வெளி இருந்ததென்று கண்டிருக்கிறார்கள். சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்ததே அம்மலையின் இயல்பு. நாங்கள் நட்ட சீகை இன்று புல்லை அழித்துப் பரவி நிற்கிறது.

"அப்படியானால் இங்கும் புல்வெளியைத் தொடக்கூடாது அல்லவா?" என்று கேட்டேன். மாணவர் சிரித்தார். "அதுவும் சரியன்று, ஐயா. இங்கே புல் நிற்கும் சில இடங்களில் முன்பு பாலிலெபிஸ் மரங்கள் நின்றிருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். தீயும் மேய்ச்சலும் அவற்றை ஒடுக்கின. அங்கெல்லாம் மக்கள் அவற்றையே மீண்டும் நடுகிறார்கள்" என்றார். மறுநாள் அம்மரத்தின் படத்தைக் காட்டினார். செம்பழுப்பு நிறத்தில், காகிதம்போல் அடுக்கடுக்காய் உரியும் பட்டை, முறுக்கிய உடல். உலகிலேயே மிக உயரத்தில் வளரும் மரங்களுள் அது ஒன்று. பொலிவியா நாட்டில் 5,000 மீட்டரை நெருங்கி நிற்கிறதாம். ஆக, நீலகிரியில் புல்லைக் காக்கவேண்டும். ஆண்டிஸில் சில இடத்தில் மரத்தை மீட்கவேண்டும். முப்பத்தைந்து ஆண்டு 'மரம் நடுவீர்' என்று ஒரே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதியவனுக்கு அன்று உறக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் இறங்க இறங்கக் காற்று வெதுவெதுப்பாயிற்று. மரப்பெரணிகள் குடைபோல் விரிந்தன. சிங்கோனா மரமும் இத்தகைய சரிவுகளின் பிள்ளையே. அதன் பட்டையிலிருந்துதான் குளிர்காய்ச்சல் மருந்தாகிய கொயினா கிடைத்தது. 1860-இல் மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் தென் பெருவிலிருந்து அதன் கன்றுகளைத் திரட்டினார். அத்தகைய முயற்சிகளின் பயனாகவே நீலகிரியில் சிங்கோனாத் தோட்டங்கள் தோன்றின. பெரு நாட்டின் அரசு முத்திரையில் அம்மரம் இன்றும் இடம்பெற்றிருக்கிறது.

ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கொடுமை என்பதை அன்று அறிந்தேன். மாலையில், பாறைச் சேவல் என்னும் பறவையைக் காணச் சற்றே ஒதுங்கி அமர்ந்தோம். அது பெருவின் தேசியப் பறவை. நெருப்புத் துண்டம்போன்ற தலையும் மார்பும் உடைய ஆண்கள் ஓரிடத்தில் கூடி, கூவி, குனிந்து, சிறகடித்து ஆடின. மங்கிய நிறமுடைய பெட்டைகள் எங்கோ மறைவிலிருந்து பார்த்தனவாம். எங்கள் கண்ணுக்கு அவை அகப்படவில்லை.

புறப்படுமுன், நான் நாடா பிடித்த மரங்களுள் ஒன்றின் பழைய அளவை மாணவர் ஏட்டில் தேடி எடுத்தார். நாடாவில் ஒரு சிறு கோடு அளவுக்கு அது பருத்திருந்தது. அடுத்த முறை அளக்கும்போது நாடாவை வேறொருவர் பிடிப்பார். மரத்தின் எண்ணை மட்டும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வண்டி நின்ற இடத்துக்கு நடந்தேன்.